பார்க்கின்சன் டான்ஸ் வகுப்புக்கு ஆறு மாசம் மட்டும் பணம் தர்றவங்களுக்கு

வணக்கம்ங்க. மானியம் தர்ற அறக்கட்டளைகள், ஆஸ்பத்திரி நிர்வாகம், உள்ளாட்சி அதிகாரிங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இந்த மடல். நல்ல மனசோடதான் தர்றீங்க, சந்தேகமே இல்ல. ஆனா பார்க்கின்சன் நோய் இருக்கறவங்களுக்கு டான்ஸ் வகுப்புனு ஒண்ணை ஆறு மாசம் பைலட்டா, அதாவது சோதனை ஓட்டமா, ஆரம்பிச்சு, போட்டோ எடுத்து, ரிப்போர்ட் வாங்கிட்டு, அடுத்த வருஷம் "வேற புதுசா ஏதாச்சும் பண்ணலாமே"ன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. இந்த நோய் ஆறு மாசத்துல முடியறது இல்லையே.

இந்த நோயில, அசைவுக்கு சிக்னல் கடத்த உதவற டோபமைன்ங்கற ரசாயனம் மூளையில குறையக் குறைய, நாம யோசிக்காமலே செய்யற நடை, திரும்பறது, கை வீசறது எல்லாம் தானா வராம போயிடுது. வாசப்படி கிட்ட வந்ததும் கால் தரையில ஒட்டிக்கும், உடம்பு மட்டும் முன்னாடி போகப் பாக்கும், அந்த நேரத்துல பின்னாடி இருந்து யாராவது "ம், நடங்க"ன்னு அவசரப்படுத்தினா இன்னும் மோசம். அதே ஆளுக்கு தாளம் போட்டு ஒண்ணு ரெண்டு எண்ணினாலோ, தரையில ஒரு கோடு போட்டு தாண்டச் சொன்னாலோ பல நேரம் கால் எழும்பிடும். உள்ள இருந்து வராத சிக்னலை வெளிய இருந்து தாளம் குடுக்குது, அவ்ளோதான்.

அந்தத் தாளத்தைத்தான் டான்ஸ் வகுப்பு குடுக்குது, இது நேத்து முளைச்ச ஐடியாவும் இல்ல. 2001-ல நியூயார்க் புரூக்ளின்ல மார்க் மாரிஸ் டான்ஸ் குரூப்ங்கற நடனக்குழு அங்க இருந்த பார்க்கின்சன் குழுவோட சேர்ந்து ஆரம்பிச்சது, இப்ப பல நாடுகள்ல அந்த மாதிரி வகுப்பு இருக்கு. 2012-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல வாரம் ரெண்டு தடவை, ஒரு வருஷம் முழுக்க இந்த நோய் இருக்கறவங்களை டாங்கோங்கற ஜோடி நடனம் ஆட வச்சாங்க, மாத்திரை போடாத நிலையில டெஸ்ட் பண்ணியும் ஆடினவங்களுக்கு அசைவும் பேலன்ஸும் முன்னேறியிருந்துச்சு. 2021-ல கனடாவோட யார்க் பல்கலைக்கழக ஆய்வு மூணு வருஷம் பாத்துச்சு, ஆடினவங்க 16 பேர்தான், சின்ன ஆய்வு, இருந்தாலும் ஆடாதவங்க அளவுக்கு அவங்களுக்கு அசைவுப் பிரச்சினை மோசமாகல. கவனிச்சீங்களா, ஒரு வருஷம், மூணு வருஷம். யாரும் ஆறு மாசத்துல பெட்டி கட்டல.

உங்க படிவத்துல "முன்னேற்றம்"னு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பறதுக்குள்ள வகுப்பு நடத்தற எங்களுக்கு போதும் போதும்னு ஆயிடுது. வருஷா வருஷம் கூடிக்கிட்டே போற நோயில, போன வருஷம் நின்ன இடத்துலயே ஒருத்தர் நிக்கிறாருன்னா அதுவே ஜெயிச்ச மாதிரிதாங்க. அதை எழுத ஒரு கட்டம் வைங்க.

அப்புறம் செலவு. டீச்சருக்கு சம்பளம், நிலை தடுமாறினா பிடிக்க பக்கத்துல நிக்க ரெண்டு பேர், வழுக்காத தரை, உருளாத நாற்காலி, வண்டி ஓட்ட முடியாதவங்களுக்கு போக்குவரத்து. இதுல எதுவும் போட்டோவுல அழகா விழாது, ஆனா இது இல்லாம வகுப்பு நடக்காது. சேவை மனப்பான்மை இருந்தா போதும்னு சொல்லாதீங்க, அது ஹால் வாடகை கட்டாது. ஹால் டைமையும் இஷ்டத்துக்கு மாத்தாதீங்க, மாத்திரை வேலை செய்யற நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் ஒவ்வொருத்தரும் கிளம்பி வர்றாங்க, ரெண்டு மணி நேரம் தள்ளி வச்சா பாதிப்பேர் நாற்காலியை விட்டே எழ முடியாது.

கேக்கறது இதுதான்: குறைஞ்சது மூணு வருஷத்துக்கு உறுதி குடுங்க. நிறுத்தறதா இருந்தா கடைசி வாரத்துல மெயில் அனுப்பாம, வேற இடத்துல பணம் தேட ஆறு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க.