ஒஸ்லோ மச்சானுக்கு ஒரு கார்க் கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. விடிய எழும்பி மரைன் டிரைவ் வரை நடந்துவிட்டு வருகிறார். மகளுக்கு ஏ.எல். சோதனை நெருங்குகிறது, வீட்டில் டிவி போடுவதில்லை. மற்றபடி எல்லோரும் சுகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய நாலு பக்கத்தில் மூன்று பக்கம் டொயோட்டாவுக்கு ஏச்சு. 1997 இல் பெற்றோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் பிரியஸ் ஹைபிரிட் காரைக் கொண்டுவந்து உலகத்துக்கே வழி காட்டிய கம்பனி, மின்சாரக் கார் என்றதும் ஏன் இப்படிப் பின்னடிக்கிறது என்று கேட்கிறாய். அப்போது கம்பனித் தலைவராக இருந்த அக்கியோ டொயோடா 2021 டிசம்பரில் புது மின்சாரக் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்து, 2030 இல் வருடத்துக்கு 35 லட்சம் விற்போம் என்று சொன்னதை நம்பிக் கைதட்டினாயாம். அடுத்த வருடமே பிசி4எக்ஸ் என்ற மின்சாரக் கார் வந்தது, வந்த சூட்டோடு சில்லுப் போல்ட் கழரலாம் என்று திருப்பி அழைத்தார்கள். அந்த இடத்தில் நான் டொயோட்டாவுக்காக வாதாட மாட்டேன். சில்லைப் பூட்டத் தெரிந்த கம்பனி என்ற பெயரில்தான் அவர்கள் இத்தனை வருடம் வாழ்ந்தார்கள்.

ஆனால் நீ ஒஸ்லோவில் நின்று பார்க்கிறாய். உங்களுக்கு மின்சாரம் பெரும்பாலும் நீர் மின்நிலையங்களிலிருந்து வருகிறது. மின்சாரக் காருக்கு வற் வரியை 2001 இலேயே எடுத்துவிட்டார்கள், பெற்றோல் காருக்கு வரியைச் சுமத்தினார்கள். யார் ஆட்சிக்கு வந்தாலும் அந்தத் திசை பெரிதாக மாறவில்லை. 2024 இல் அங்கே விற்ற புதுக் கார் பத்தில் ஒன்பதுக்குக் கிட்ட மின்சாரக் கார். அப்படி ஒரு ஊரில் டொயோட்டா சோம்பேறியாகத்தான் தெரியும்.

இங்கே என்ன நடந்தது என்று உனக்கு ஒரு தொடராகச் சொல்ல வேண்டும். 2015 வரை மின்சாரக் காருக்கு வரி சொற்பம், ஆகவே யப்பானிலிருந்து பாவித்த நிசான் லீஃப்கள் கப்பல் கப்பலாக வந்தன. அந்த வருடக் கடைசி பட்ஜெட்டில் வரியை ஏற்றினார்கள், வரவு நின்றுபோனது. 2020 மார்ச்சில் டொலர் இல்லை என்று வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள், ஆனால் திறந்த கதவில் நின்ற வரியைப் பார்த்து அரைவாசிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். ஐந்து வருடம் புதுக் கார் வராத நாட்டில் இருக்கிற காரைத்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டும். டொயோட்டா 2021 மார்ச்சில் அலியனையும் பிரீமியோவையும் நிறுத்தியது, யப்பானில் செடான் கார் வாங்க ஆள் இல்லை என்பதால். கொழும்பிலோ அதே பிரீமியோவின் விலை அதற்குப் பிறகுதான் ஏறிக்கொண்டே போனது.

என் ஹைபிரிட் கதையைச் சொன்னால் உனக்கு விளங்கும். 2012 இல் யப்பானில் செய்த சின்னக் கார், எந்தக் கம்பனி என்று விடு. போன ஆவணியில் காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட, பின் சீற்றுக்குள் காற்றாடி ஒன்று மூச்சு வாங்குவதுபோல் சத்தம் கேட்டது, டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. பஞ்சிகாவத்தைக்குக் கிட்ட ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே மெக்கானிக் பாஸ் பின் சீற்றைத் தூக்கி, பற்றரிப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருபது செல் கட்டைகள், இறாக்கையில் புத்தகம் அடுக்கினதுபோல் நெருக்கமாக நின்றன. அவற்றை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. காற்றாடியின் வலையில் ஒரு கைப்பிடி தூசி. நாய் மயிர், மணல், எல்லாம் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தது. அதைப் பன்னிரண்டு வருடம் ஒருவரும் துடைக்கவில்லை, நானும் உட்பட. காற்றுப் போகாத பற்றரி வெந்துகொண்டே இருந்திருக்கிறது.

பாஸ் ஒவ்வொரு கட்டையாக மீற்றர் வைத்துப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் எண்ணை எழுதினார். பதினெட்டில் 7.8, 7.9 என்று வந்தது. இரண்டில் மட்டும் 6.5 ஐத் தாண்டவில்லை. அந்த இரண்டையும் மாற்றி, செப்புத் தகடுகளைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்துத் தேய்த்து, திரும்பப் பூட்டினார். பின்னேரம் ஐந்து மணிக்கு நான் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பழைய பெற்றோல் காருக்கு கியர் பெட்டி பிரித்தால் வருகிற செலவைவிடக் குறைவு. இன்னும் ஓடுகிறது, கொழும்பு நெரிசலிலும் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் தருகிறது. 2022 ஆனிக் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் விற்றபோதும், பிறகு பங்கீட்டில் கியூஆர் அட்டைக்கு கிழமைக்கு 20 லீற்றர் என்று தந்தபோதும், அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக ஒரு நாளும் தடை வரவில்லை.

லீஃபின் கதை வேறு, மச்சான். நிசானுக்காகத்தான் எனக்கு உண்மையில் வருத்தம். 2010 டிசம்பரில், மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, சாதாரண ஆள் வாங்கக்கூடிய மின்சாரக் காரைத் துணிந்து இறக்கினார்கள். ஆனால் அந்த 24 கிலோவாற் மணிப் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. வெப்பத்தில் அது சீக்கிரம் தேயும் என்பது 2012 இல் அமெரிக்காவின் அரிசோனாவில் பெரிய புகாராகவே கிளம்பியது. கொழும்பு அரிசோனா இல்லைதான், ஆனால் நமக்கு மார்கழியும் சூடுதான். இன்று அந்த நிசான் 20,000 பேரை நிறுத்துகிறது, 17 தொழிற்சாலைகளை 10 ஆகக் குறைக்கிறது. ஹொண்டாவோடு இணையும் பேச்சும் 2025 பெப்ரவரியில் முறிந்துபோனது. முன்னால் ஓடிய ஆளே களைத்து விழுந்திருக்கிறார். 2040 க்குள் எல்லாம் மின்சாரம் அல்லது ஹைட்ரஜன் என்று 2021 இல் சொன்ன ஹொண்டாவும், 2025 மே மாதம் மின்சாரக் காருக்கான முதலீட்டை 10 டிரில்லியன் யென்னிலிருந்து 7 ஆகக் குறைத்து ஹைபிரிட் பக்கம் திரும்பியது. டொயோட்டாவின் கணக்கு முழுப் பொய் என்றால் ஹொண்டா ஏன் அந்த வழிக்கு வருகிறது?

கணக்கு என்றதும் உனக்குக் கோபம் வரும், தெரியும். ஒரு பெரிய மின்சாரக் காரின் பற்றரிக்குப் போகிற மூலப்பொருளில் வயர் செருகிச் சார்ஜ் பண்ணும் பிளக் இன் ஹைபிரிட் ஆறு செய்யலாம், அல்லது தொண்ணூறு சாதாரண ஹைபிரிட் செய்யலாம் என்று டொயோட்டா சொல்கிற 1:6:90 கணக்கைத்தான் சொல்கிறேன். லித்தியம் விலை 2022 கடைசியில் உச்சத்தில் இருந்தது, பிறகு சடாரென்று விழுந்தது, நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்பு பொஸ்பேற் பற்றரி சீனாவில் குவிகிறது, இன்னும் தட்டுப்பாட்டுக் கணக்கைப் பேசுவது நியாயமா என்று கேட்டிருக்கிறாய். நியாயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த வாதத்தில் நீ வென்றாய். இதுவும் சொல்கிறேன்: பல வழி வேண்டும் என்று சொல்வது ஒன்று, அதைச் சொல்லிச் சொல்லியே அரசாங்கங்களின் புகை விதிகளைத் தள்ளிப்போட முயல்வது இன்னொன்று. முதலாவதற்கு நான் ஆதரவு, இரண்டாவதற்கு இல்லை. காலி வீதியில் இப்போது சந்திக்குச் சந்தி சீனாவின் பிவைடி கார் நிற்கிறது. பத்து வருடத்துக்குப் பிறகு யார் இந்தச் சந்தையைப் பிடித்திருப்பார்கள் என்று டொயோட்டா யோசிக்கத்தான் வேண்டும்.

நான் கேட்பது வேறு கேள்வி. ஒரு காருக்கு முதல் சொந்தக்காரன் மட்டுமா இருக்கிறான்? யப்பானில் மூன்று வருடம் ஓடியது கொழும்புக்கு வருகிறது, இங்கே பத்து வருடம் ஓடிப் பிறகு யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகிறது. கம்பனி புது மொடல் இறக்கும்போது முதல் ஆளின் முகத்தைத்தான் பார்க்கிறது. எனக்கு நாலாவது ஆளைப் பற்றித்தான் கவலை. அவனுடைய கையில் பற்றரியைப் பிரித்து ஒரு செல்லை மாற்ற முடியுமா, சாமான் கிடைக்குமா, மென்பொருளைத் திறக்க அனுமதி உண்டா?

உங்கள் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 ஐ நினைத்துப் பார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. அப்பா போனெற்றைத் திறந்து, ஊசி மருந்துச் சிரிஞ்சில் இருந்த கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பின்னால் வெள்ளைப் புகை, கண் எரியும். உன் அக்காவின் கலியாணத்துக்கு நல்லூருக்குப் போனதும் அந்தக் காரில்தான், பட்டுச் சேலையில் மண்ணெண்ணெய் மணம் இரண்டு நாள் இருந்தது. 1950 களில் இங்கிலாந்தில் அதைச் செய்தவன் மண்ணெண்ணெயைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். ஆனால் அமுக்கம் குறைந்த எஞ்சின், ஸ்பானரும் திருப்புளியும் இருந்தால் யாரும் கழற்றலாம் என்ற அமைப்பு, இரண்டும் சேர்ந்து ஒரு ஊரைக் காப்பாற்றின.

அதனால்தான் எனக்கு டொயோட்டாவைவிட எங்கள் அரசாங்கத்தில் கோபம் அதிகம். இங்கே பெற்றோல் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் வரி எஞ்சின் சிசியைப் பார்த்துப் போடுகிறார்கள், மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாற்றைப் பார்த்து. 1000 சிசிக்குக் கோடு போட்டால் 996 சிசி கார்களாக வந்து குவியும், வந்து குவிந்தன. பற்றரி எத்தனை வருடம் தாங்கும், உத்தரவாதம் உண்டா, செல் தனியாகக் கிடைக்குமா என்று வரித் தாளில் ஒரு கேள்விகூட இல்லை. பாவித்த கார் வாங்குகிறவன் கையில் கிடைப்பது யப்பான் ஏலத் தாள். கதவில் எத்தனை கீறல் என்று படம் போட்டுக் காட்டும், பற்றரிக்கு அதிகம் போனால் ஒரு வரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பெப்ரவரியிலிருந்து ஒவ்வொரு புது மின்சாரக் கார்ப் பற்றரிக்கும் அதன் விவரங்களைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போட் கட்டாயம் அல்லவா, அதை வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்படி ஒரு தாள் இல்லாமல் துறைமுகத்தில் பாவித்த மின்சாரக் காரை இறக்கக் கூடாது என்று இங்கே ஒரு விதி வந்தால், வரியைக் குறைக்காவிட்டாலும் நான் கைதட்டுவேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரப் பாவனை குறைந்துவிட்டது, கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் பகலில் அணைத்து வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. நடுப்பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, இரவில் நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் அலுவலகக் கார்கள் காலை எட்டிலிருந்து பின்னேரம் ஐந்து வரை வெயிலில் சும்மா நிற்கின்றன. அந்தத் தரிப்பிடங்களில் பகல் மட்டும் மலிவு விலையில் சார்ஜ் பண்ண விட்டால், உன் பக்கம் சாய எனக்கு வேறு காரணம் தேவையில்லை.

ஆகவே அடுத்த கார் மின்சாரமாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் எங்கள் அடுக்குமாடியில் ஒரு சிக்கல். கீழ் மாடித் தரிப்பிடத்தில் 24 இடம், ஒரு சொக்கெட்டும் இல்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் ரீச்சர் மின்சாரக் கார் வாங்கிவிட்டு, சமையலறை ஜன்னலால் வயர் விட முடியுமா என்று கேட்டார், பாவம். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் தீப்பிடிக்கும் என்று பயப்படுகிறார்கள், மீதிப் பேர் பொது மின் கட்டணம் ஏறும் என்று பயப்படுகிறார்கள். தனி மீற்றர், தனி பிரேக்கர், அவரவர் செலவு என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஹைபிரிட் வைத்திருக்கும் நீர் ஏன் இதற்கு நிற்கிறீர் என்று தலைவர் கேட்டார். இன்று ரீச்சருக்கு இல்லையென்றால் நாளைக்கு எனக்கும் இல்லை என்றேன்.

கூட்டம் வருகிற மாதம் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு. உங்கள் கட்டடத்தில் கேபிள் செலவை எல்லாருக்கும் பிரித்தீர்களா, சார்ஜ் பண்ணுகிறவர்களுக்கு மட்டும் போட்டீர்களா, ஒரே நேரத்தில் எல்லாரும் செருகினால் மெயின் லைனை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இதை மட்டும் அதற்கு முன் எழுதி அனுப்பு. டொயோட்டாவுக்கான மிச்ச ஏச்சை ஆடியில் வரும்போது நேரில் சொல்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் கூட்டாளி