அட்டையோடு ஒட்டி வந்த குறிப்பு

அன்புள்ள மாதவா,

தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபமாகத்தான் இருப்பாய். இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு. அம்மா நலம். சுந்தரம் அண்ணன் மறுபடியும் வேலையை விட்டுவிட்டார், காரணம் உனக்கே தெரியும்.

குழாய் வேலை, மின்வேலை செய்பவர்களின் எண்களைத் தெருக்காரர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ள ஒரு செயலி செய்துவருகிறோம் என்று சொன்னேன் அல்லவா? போன வாரம் சோதனைக்காக, எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பெண் தன் வீட்டுக்கு வரும் பிளம்பரின் தொடர்பு அட்டையைப் போனிலிருந்து பகிர்ந்தாள். திரையில் பெயரும் எண்ணும் ஒழுங்காக வந்தன. கோப்பைத் திறந்து பார்த்தால் கீழே சமக்குறிகளாக நீண்ட ஒரு வரி கிடந்தது. தொடர்பு விவரங்களைக் கைமாற்றும் கோப்பு வடிவமான வி-கார்டின் பழைய 2.1 பதிப்பில் தமிழ் அப்படித்தான் வரும். ஒரு ‘க’வே ‘=E0=AE=95’ என்று ஒன்பது குறிகளாகிவிடும். அதைப் பிரித்துப் படித்தேன்: “நாங்கள் ஊரில் இல்லாவிட்டால் சாவி எதிர்வீட்டு அக்காவிடம்.” தனக்காக என்றோ எழுதிவைத்தது தன்னோடு கிளம்பி வந்திருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவள் முகம் வெளிறியதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

1995-இல் ஆப்பிள், ஐபிஎம், ஏடி அண்ட் டி, சீமென்ஸ் ஆகியவை சேர்ந்து இந்த வடிவத்தை முன்வைத்தபோது, விசிட்டிங் கார்டைக் கணினியில் கைமாற்றுவதே நோக்கம். விசிட்டிங் கார்டில் என்ன அச்சிடுவது என்பதை அதற்குரியவர் முடிவு செய்கிறார். போனிலிருந்து போகும் அட்டையிலோ, இன்னொருவர் அவரைப் பற்றிச் சேர்த்துவைத்த பிறந்தநாள், வீட்டு முகவரி, படம், குறிப்பு எல்லாம் இருக்கலாம். ஆண்ட்ராய்டில் தொடர்புப் பட்டியலைப் படிக்க எங்கள் செயலி அனுமதி கேட்டாக வேண்டும். பகிரப்பட்டு வரும் கோப்புக்கோ அந்த அனுமதி தேவையே இல்லை. 2019-இல் ஐஓஎஸ் 13 வந்தபோது, தொடர்பில் குறிப்பு எழுதும் கட்டத்தை, அதாவது குறிப்புப் புலத்தை, படிக்கச் செயலிகள் தனி ஒப்புதல் பெற வேண்டும் என்று ஆப்பிள் கட்டுப்பாடு வைத்தது. ஆனால் வேறொரு போனிலிருந்து கோப்பாக வரும் குறிப்பு வெறும் எழுத்துதான், அதை எந்தக் கட்டுப்பாடும் தடுக்காது. ஆகவே வாங்கிக்கொள்கிற நாம்தான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பெயர், எண் இரண்டை மட்டும் போனிலேயே பிரித்தெடுத்து, மற்றவற்றைச் சர்வருக்கு அனுப்பாமலே விட்டுவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். “பின்னால் பயன்படும், வைத்துக்கொள்வோமே” என்கிறார்கள் எங்கள் குழுவினர். அந்த எதிர்வீட்டு அக்காவை யார் கேட்டார்கள், மாதவா? அந்தப் பிளம்பரைத்தான் யார் கேட்டார்கள்? இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நீ போனின் தொடர்புச் செயலியைச் செய்யும் குழுவில் இருக்கிறாய். எந்தெந்தப் புலம் போகலாம் என்று பகிரும் இடத்திலேயே கேளுங்கள், குறிப்புக்கு நேரே முதலிலேயே டிக் போட்டுவைக்காதீர்கள். ஐபோனில் புலங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப முடிகிறது, உங்களால் முடியாதா? உன் போனில் என் பெயருக்குக் கீழே இருக்கும் அந்த வத்தலக்குண்டு சமாச்சாரத்தையும் இன்றைக்கே அழித்துவிடு. உங்கள் குழுவில் இதை யாரிடம் பேச வேண்டும் என்று எழுது. நானே வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
செல்வி