காய்ச்சலோடு வந்தவரைச் சம்பளத்தோடு திருப்பி அனுப்புங்கள்

பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை முதலாளிகளுக்கும், மேலாளர்களுக்கும், ஹாஸ்டல் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு கடைகளில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவீர்கள். தீபாவளி முடியும் வரை யாருக்கும் லீவு கிடையாது என்று அதில் இருக்கும். சில கடைகளில் அதற்குக் கீழே இன்னொரு வரி: சொல்லாமல் நின்றால் ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிக்கப்படும். சொல்லிவிட்டு நின்றாலும் பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை. இந்த நோட்டீஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் சேலைப் பிரிவில் நிற்கிற ஆள். பெயர் போடவில்லை, ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

ஐப்பசியில் அடைமழை என்பது பழைய பேச்சு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். தமிழ்நாட்டில் ஃப்ளூ காய்ச்சல் ஏறுவதும் இந்த மழை மாதங்களில்தான். நம் வியாபாரமும் அப்போதுதான். ஆக, ஆட்கள் அதிகம் படுக்கிற மாதமாகப் பார்த்து யாரும் படுக்கக்கூடாது என்று உத்தரவு போடுகிறோம். உத்தரவுக்குப் பயந்து காய்ச்சல் வராமல் இருக்காது. காய்ச்சல் வந்த ஆள்தான் கடைக்கு வருவார்.

எப்படி வருகிறார் என்று பார்த்திருப்பீர்கள். காலையில் ஒரு டோலோ, டீயோடு. வாசலில் செக்யூரிட்டி நெற்றியில் கருவியைக் காட்டினால் சூடு சரியாகத்தான் காட்டும், ஏனென்றால் மாத்திரை சூட்டை இறக்கிவிட்டது. கிருமியை அது ஒன்றும் செய்வதில்லை. மதியம் மூன்று மணிக்கு மாத்திரையின் வேகம் குறையும்போது அவர் கவுண்டருக்குப் பின்னால் சாய்ந்து நிற்பார், இன்னொன்று போட்டுக்கொள்வார். காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் சூடு இல்லாமல் இருந்து, மற்ற தொந்தரவுகளும் குறைந்த பிறகுதான் வெளியே போகலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் சொன்னது. அந்த ‘மாத்திரை போடாமல்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நம் கடையில் அந்த இடத்தில்தான் ஏமாற்று வேலை நடக்கிறது. அது நடக்கக் காரணம் உங்கள் நோட்டீஸ்.

ஃப்ளூ வந்தவர் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கிவிடுவார். தெரிந்த பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பலாம். ஆனால் முதல் மூன்று நாளில்தான் அதிகம். அதனால் எல்லாவற்றையும் தடுத்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் நாள் போனது போனதுதான். மிச்ச நாட்களில் அவரை வீட்டில் வைத்திருந்தாலே பெரும்பகுதி மிச்சம். ஒட்டிக்கொண்டவருக்கு ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் காய்ச்சல் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: திங்கட்கிழமை பட்டுப் பிரிவில் ஒருவர் இருமுகிறார், வியாழக்கிழமை பக்கத்து கவுண்டரில் இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை பில்லிங்கில் ஆள் இல்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு பில்லிங்கில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒருவருடைய இரண்டு நாள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய் இது.

நம் கடை மாதிரி நோய் பரவ வசதியான இடம் குறைவு. கதவைச் சாத்திவிட்டு ஏ.சி. போடுகிறோம். சுவரில் மாட்டியிருக்கிற ஸ்ப்ளிட் ஏ.சி.க்களில் பெரும்பாலானவை வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கிற காற்றையேதான் குளிர வைத்துச் சுற்றி விடுகின்றன. சேலை விரித்துக் காட்டுவது என்றால் கை எட்டும் தூரத்தில் நின்று அரை மணி நேரம் பேசுவது. எதிரில் கைக்குழந்தையோடு ஒருவர் இருப்பார், சீமந்தத்துக்குப் புடவை எடுக்க வந்த நிறைமாதப் பெண் இருப்பார். மாஸ்க் போட்டுக்கொண்டால் ‘கஸ்டமர் பயப்படுவாங்க, கழட்டு’ என்று ஃப்ளோர் மேனேஜர் சொல்வார். இருமுகிறவரைப் பார்த்து கஸ்டமர் பயப்பட மாட்டாராம்.

சட்டத்துக்கு வருகிறேன். புதிதாக எதையும் நான் கேட்கவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதன் 25-ஆவது பிரிவு, கடையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் உடம்பு சரியில்லாமல் போனாலோ விபத்து ஏற்பட்டாலோ வருடத்தில் 12 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு என்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே உண்டு. தற்செயல் விடுப்பு 12 நாள் தனி. எங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, தெரிந்தவர்கள் கேட்பதில்லை. இதே சட்டத்தில்தான் 2021-இல் எங்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது. நாள் முழுக்க நிற்கிறவருக்கு ஒரு ஸ்டூல் போட அரசாங்கம் சட்டசபையைக் கூட்ட வேண்டியிருந்தது. காய்ச்சல் லீவுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

‘அதான் ஈ.எஸ்.ஐ. இருக்கே’ என்பீர்கள். தொழிலாளர்களுக்கான அந்த அரசுக் காப்பீடு இருக்கிறது, சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் போகாதவர்களுக்கு. எங்களிடம் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறீர்கள், நீங்கள் மூன்றே கால் ரூபாய் போடுகிறீர்கள். நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். பெரிய நோய்க்கு இது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஈ.எஸ்.ஐ. நோயின் முதல் இரண்டு நாளைக் கணக்கில் எடுப்பதில்லை. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால் மட்டும் விலக்கு. ஃப்ளூ அதிகம் பரவுவதே அந்த முதல் நாட்களில்தான், பணம் வராததும் அந்த நாட்களில்தான். அந்த இரண்டு நாளைத் தாங்க வேண்டியது கடை. உங்களால் முடியாத தொகை இல்லை அது.

அடுத்தது டாக்டர் சான்றிதழ். இரண்டு நாள் காய்ச்சலுக்குச் சான்றிதழ் கேட்டால் என்ன நடக்கிறது? உடம்பு முடியாதவர் ஷேர் ஆட்டோவில் ஏறி, கிளினிக்கில் இன்னும் முப்பது பேரோடு உட்கார்ந்து, ஃபீஸ் கொடுத்து, ஒரு துண்டுச்சீட்டு வாங்கி வர வேண்டும். அதற்குப் பேசாமல் கடைக்கே வந்துவிடலாம் என்று வந்துவிடுகிறார். மூன்றாம் நாளிலிருந்து சான்றிதழ் கேளுங்கள், நியாயம். முதல் இரண்டு நாளுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதாதா?

அம்மை போட்டவரை எந்த முதலாளியும் கடைக்கு வரச் சொன்னதில்லை. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் நாமும் போக மாட்டோம். மூன்று தண்ணீர் ஊற்றும் வரை அந்த ஆளும் வெளியே வரமாட்டார். சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. சின்னம்மையில் கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை ஒட்டும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள், ஆகவே நம் வீட்டுப் பெரியவர்கள் போட்ட கணக்கு பெரிதாகத் தவறவில்லை. ஒட்டுகிற நோய் வந்தவரை ஒதுக்கி வைத்து, ஓய்வு கொடுத்து, திட்டாமல் பார்த்துக்கொள்ள நமக்குத் தெரியும். காய்ச்சல், இருமல் என்றால் மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போகிறதோ.

கடையைவிட எனக்குப் பெரிய கவலை ஹாஸ்டல். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த பிள்ளைகள் ஒரு அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று படுக்கிறார்கள். ‘லீவு போட்டு ரூமில் படு’ என்று சொல்லி அனுப்பினால் அந்த ரூமில் இருப்பவர்கள் எல்லாரும் அடுத்த வாரம் படுப்பார்கள். மாடிக்கு ஒரு சின்ன அறையைக் காலியாக வையுங்கள். ஜன்னல் இருக்கட்டும், கழிப்பறை பக்கத்தில் இருக்கட்டும், கஞ்சியும் வெந்நீரும் மேலே போக ஏற்பாடு இருக்கட்டும். கொசுவலை கட்டாயம் வேண்டும். டெங்கு ஆளிடமிருந்து ஆளுக்கு நேராக ஒட்டாது என்பது உண்மை. ஆனால் டெங்கு வந்தவரைக் கடித்த கொசு பத்து நாள் கழித்துப் பக்கத்து அறைக்காரரைக் கடித்தால் அவருக்கும் வரும்.

மெஸ்ஸில் சமைப்பவருக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ என்றால் அது நின்ற பிறகும் 48 மணி நேரம் அவர் கரண்டியைத் தொடக்கூடாது. மாஸ்டர் இல்லாவிட்டால் அன்றைக்கு ஓட்டலில் வாங்கிக் கொடுங்கள். இந்த மாதிரி வயிற்றுக் கிருமிகளில் சிலவற்றுக்கு சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று நீங்களே ஒரு நாள் வந்து பாருங்கள்.

காசநோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருமினால் ‘ஊருக்குப் போய் உடம்பைத் தேத்திட்டு வா’ என்று டிக்கெட் எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம். அப்படிப் போனவரைத் திரும்ப வேலைக்கு எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிற மற்றவர்கள் என்ன செய்வார்கள்? இருமலை மறைப்பார்கள். ஒரே அறையில், மாதக்கணக்கில். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். வழக்கமான வகை என்றால் ஆறு மாத மருந்து. சரியான மருந்து தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்களிடமிருந்து பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்கு என்று மாதம் 1,000 ரூபாயும் அரசு தருகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500-ஆக இருந்தது. வேலை போகாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருமுகிறவர் தானாகவே பரிசோதனைக்குப் போவார்.

மெட்ராஸ் ஐ சமாச்சாரம் எல்லாருக்கும் தெரியும். பார்த்தால் ஒட்டாது, தொட்டால் ஒட்டும். ஆனால் காலையில் முன்னூறு பேரும் ஒரே விரல் ரேகை மெஷினில்தான் கை வைக்கிறோம். கொரோனா வந்த 2020 மார்ச்சில் மத்திய அரசே தன் அலுவலகங்களில் இதை நிறுத்தி வைத்தது. மழை மாதங்களில் அட்டைக்கோ கையெழுத்துக்கோ மாறிவிடுவதில் என்ன நஷ்டம்?

நடுவில் என்னோடு நிற்கிற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் கொஞ்சம். இதெல்லாம் மாறும் வரை நம்மை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கேனில் சங்கிலி போட்ட டம்ளரை விட்டுவிட்டு ஆளுக்கொரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இருமுகிறவர் மாஸ்க் போட மறுத்தால் சண்டை வேண்டாம், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கோரம் இடைவெளி விடாத என்-95 என்றால் உங்களையும் காக்கும். பில் புக், கத்தரிக்கோல், கால்குலேட்டர் எல்லாம் கை மாறி வருகிறவை, அதனால் சாப்பிடும் முன் கை கழுவாமல் கண்ணையும் மூக்கையும் தொட வேண்டாம். இரவில் கொசுவலையைக் கட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாயை மாற்றிப் போட்டு, ஒருவர் தலைமாட்டுக்கு நேரே அடுத்தவர் கால்மாடு வருகிற மாதிரி படுங்கள். அப்புறம், காய்ச்சலோடு வந்தவரைத் திட்டாதீர்கள். அவர் வீட்டிலும் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

மறுபடி முதலாளிகளிடம். ‘சம்பளத்தோடு லீவு என்றால் எல்லாரும் பொய்க் காய்ச்சல் சொல்வார்கள்’ என்பது உங்கள் பயம். சிலர் சொல்வார்கள்தான். ஆனால் ஒருவர் நின்றால் அவர் வேலை பக்கத்து கவுண்டர்காரர் தலையில் விழுகிறது. பொய் எது, நிஜம் எது என்று உங்களுக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும், நாங்களே கேட்டுவிடுவோம். வருடத்துக்கு 12 நாள் என்று சட்டம் எல்லை வைத்திருக்கிறது. அதற்குள் இரண்டு பேர் ஏமாற்றினாலும், அந்த நஷ்டம் ஒரு ஃப்ளோர் காலியாவதைவிடக் குறைவுதான்.

ஃப்ளூ தடுப்பூசி வருடத்துக்கு ஒரு முறை போடுவது. போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பலன் தரும், அதனால் ஐப்பசியில் யோசித்துப் பயனில்லை. போனஸ் கணக்குப் பார்க்கும்போதே இதையும் பாருங்கள். எல்லாருக்கும் முடியாது என்றால் கர்ப்பமாக இருக்கிற பெண்களுக்கும், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், வயதில் மூத்தவர்களுக்குமாவது போட்டுவிடுங்கள்.

சீசனுக்கு எடுக்கிற ஆட்களையும் விட்டுவிடாதீர்கள். காலேஜ் படித்துக்கொண்டே பேக்கிங்குக்கு வருகிற பையன்களும், டெலிவரி கவுண்டரில் நிற்கிற பெண்களும் தினக்கூலிக்காரர்கள். ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் கூலி போச்சு, மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள். காய்ச்சலை மறைக்க எங்களைவிட அவர்களுக்குத்தான் காரணம் அதிகம். விற்ற ஒவ்வொரு துணியும் அவர்கள் கை வழியாகத்தான் வெளியே போகிறது.

இப்படிக்கு,
சேலைப் பிரிவு விற்பனையாளர் ஒருவர்
சென்னை