வெள்ளத்துக்குப் பிறகு நம் பிள்ளைகள்

தூத்துக்குடி மாவட்டம்
ஜனவரி 2024

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று தாமிரபரணிக் கரையெங்கும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சேற்றை அள்ளி வீட்டைக் கழுவிவிட்டோம். ஆனால் பிள்ளைகளின் மனதில் அந்த இரவு இன்னும் இருக்கிறது. வானம் கொஞ்சம் இருட்டினாலே ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். பெரிய வகுப்புகளில் சிலர் யாரோடும் பேசுவதில்லை, சிலர் தொட்டதற்கெல்லாம் சண்டைக்குப் போகிறார்கள்.

வீட்டிலும் கவனித்திருப்பீர்கள். தனியாகப் படுக்க மாட்டேன் என்பது, தூக்கத்தில் அலறுவது, எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, காரணம் தெரியாத வயிற்றுவலி எல்லாம் பயத்தால் வரக்கூடியவை. அதற்காக அடிக்காதீர்கள், அடுத்தவர் முன்னால் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

"அதையே நினைக்காதே, மறந்துடு" என்று நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். அப்படிச் சொன்னால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், பயம் உள்ளேயே கிடக்கும். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் காது கொடுங்கள். பேச விரும்பாத பிள்ளையைத் தோண்டித் துருவ வேண்டாம், பக்கத்தில் இருந்தாலே போதும். "ஆம்பளப் பையன் அழலாமா" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் பாட்டியைத் தூக்கி வந்த பையன்கள் நம் பள்ளியில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அழ உரிமை உண்டு.

"இனி வெள்ளமே வராது" என்றும் சொல்ல வேண்டாம், நம்ப மாட்டார்கள். வந்தால் எந்த மாடி வீட்டுக்குப் போவோம், யார் எதை எடுப்பது என்று அவர்களையும் வைத்துப் பேசுங்கள். மார்க் ஷீட், ஆதார், ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் பயம் குறையும். வெள்ள வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க விடாதீர்கள். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு பழைய நேரத்துக்கு வரட்டும்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். வாழை போனது, கடைச் சரக்கு போனது, ஆடு மாடு போனது. கடன் கணக்கைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பேசுங்கள். ஆனால் கேட்டால் மறைக்காமல், "கஷ்டம்தான், சமாளிச்சுடுவோம்" என்று சொல்லுங்கள்.

பயந்த கோளாறு என்று கோயிலில் திருநீறு போடுவீர்கள், பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பீர்கள். செய்யுங்கள், அதில் பிள்ளைக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். "செத்துப் போயிடலாம்" என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள்.

அப்புறம், பொதுத்தேர்வு. பன்னிரண்டாம் வகுப்புக்கு மார்ச் 1, பத்தாம் வகுப்புக்கு மார்ச் 26 தொடங்குகிறது. நோட்டு எல்லாம் நனைந்து போனவர்களுக்கு ஆசிரியர்கள் முக்கியப் பாடங்களைத் திரும்ப நடத்துகிறார்கள். வீட்டில் மதிப்பெண் பேச்சைக் கொஞ்ச நாள் குறையுங்கள்.

உங்கள் பிள்ளையைப் பற்றித் தனியாகப் பேச விரும்பினால் பள்ளி முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை காலையில் வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்