ஸ்கைலாப்பை உரசிவிட்டேன்

அன்புள்ள செல்லையாவுக்கு,

திசையன்விளையிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். சொர்ணத்துக்கு முழங்கால் வலி, அது அப்படியேதான். கிழக்குத் தெரு வீட்டை விற்றுவிட்டார்கள். யாருக்கு என்று எழுதினால் உமக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், நேரில் சொல்கிறேன். தை மாதம் நீர் போட்ட கடிதத்துக்குக் கார்த்திகையில் பதில் எழுதுகிறேன். திட்டுவதென்றால் முழுக்கப் படித்துவிட்டு மொத்தமாகத் திட்டும். இன்னொரு குற்றமும் இருக்கிறது.

ஸ்கைலாப்பை உரசிவிட்டேன்.

பதறாதேயும்வே. உம்ம கல்லில் ஒரு ஓரம்தான், கட்டைவிரல் நகம் அளவுக்கு. உம்மிடம் கேட்காமல் செய்தது தப்புதான். ஆனால் நடந்ததைக் கேளும்.

போன வாரம் மழை லீவுக்கு என் தங்கச்சி மகள் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். செவ்வாயில் ஓடிக்கொண்டிருக்கிறதே பெர்சிவரன்ஸ் என்கிற வண்டி, அது 2025 செப்டம்பரில் எடுத்த படம். சுற்றிலும் தட்டைத் தட்டையாக உடைந்த பாறைகள். நடுவில் ஒன்று மட்டும் 80 சென்டிமீட்டர் அகலத்தில், யாரோ குடைந்து வைத்தது போல நிற்கிறது. லேசரால் சுட்டுப் பார்த்தால் இரும்பும் நிக்கலும் நிறைய. அந்த ரெண்டும் சேர்ந்திருந்தால் அது அந்த ஊர்க் கல்லாக இருக்காது, எங்கிருந்தோ வந்து விழுந்த விண்கல்லாகத்தான் இருக்கும் என்கிறார்கள். இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. ஃபிப்சாக்ஸ்லா என்று அதற்குப் பெயர். வாயில் நுழைகிறதா பாரும். படத்தைக் காட்டிவிட்டு அந்தப் பிள்ளை சொன்னது: "மாமா, நீங்க பட்டறைக் கதவுக்கு அண்டக் குடுத்திருக்க கல்லு மாதிரியே இருக்கு."

அன்றைக்கு ராத்திரி எனக்கு எங்கே தூக்கம். அவளை உட்கார வைத்து, எல்லாவற்றையும் தேடித் தேடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இதற்கு முன்னால் ஆப்பர்சூனிட்டி என்று ஒரு வண்டி போயிருக்கிறது. 2004 ஜனவரியில் இறங்கியது. 90 நாள் ஓடினால் போதும் என்று அனுப்பினார்கள். 2018 ஜூனில் புழுதிப் புயல் வந்து மூடுகிற வரைக்கும் ஓடியது, 45 கிலோமீட்டர். அது ஓடிய இடத்தின் படங்களைப் பார்க்கணும் நீர். அலை அலையாகச் செம்மண். பனையும் கொல்லாமரமும் இல்லாத இட்டமொழித் தேரி, அவ்வளவுதான். நிறத்துக்குக் காரணமும் ஒன்றேதான், இரும்புத் துரு.

அந்த வண்டி, இறங்கும்போது தான் கழற்றிப் போட்ட வெப்பக் கவசம் என்ன ஆயிற்று என்று பார்க்கப் போயிருக்கிறது. கவசத்துக்குப் பக்கத்திலேயே கூடைப்பந்து அளவில் ஒரு இரும்பு விண்கல். 2005 ஜனவரி. வேறொரு கிரகத்தில் மனுசன் அடையாளம் கண்ட முதல் விண்கல் அதுதான். அறுந்த செருப்பைத் தேடிப் போனவனுக்கு அண்டா கிடைத்த கதை.

2009இல் நடந்தது இதைவிட வேடிக்கை. வண்டி ஒரு கல்லைத் தாண்டி 180 மீட்டர் போய்விட்டது. பிறகுதான் பூமியில் இருக்கிறவர்கள் பழைய படத்தைப் பார்த்து, "என்னடா இது" என்று திருப்பியிருக்கிறார்கள். நிமிசத்துக்கு நாலெட்டு வைக்கிற வண்டி அது. திரும்பி வந்து பார்த்தால் அரை டன் இரும்பு! பிளாக் ஐலண்ட் என்று பெயர் வைத்தார்கள். செவ்வாயில் காற்று நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. அந்த மெல்லிய காற்றில் இவ்வளவு கனம் வந்து விழுந்தால் வேகம் குறையாமல் சிதறியிருக்கும், அதனால் இது விழுந்த காலத்தில் காற்று கெட்டியாக இருந்திருக்கணும் என்றார்கள். அப்புறம் வேறு சிலர், ரொம்பச் சாய்வாக வந்திருந்தால் இப்போதைய காற்றிலேயே தப்பியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு கல் எத்தனை பேரைச் சண்டை போட வைக்கிறது பாரும். நம்மையும் வைத்ததுதானே.

பட்டறைக்காரன் எனக்குப் பிடித்தது வேறு. ஆப்பர்சூனிட்டியின் கையில் கல் அரைக்கிற எந்திரம் ஒன்று உண்டு. ஆனால் அந்த முதல் விண்கல்லை அரைக்கவில்லை, தூரிகையால் தூசியைத் தட்டியதோடு சரி. இரும்பை அரைத்தால் எந்திரத்தின் பல் தேய்ந்துவிடும். கிரைண்டர் தட்டு விலை தெரிந்தவன் எவனோ அங்கேயும் இருக்கிறான்! அப்புறம், அங்கே ஓடுகிற தண்ணீர் இல்லை, காற்றில் ஆக்ஸிஜனும் பெயருக்குத்தான். அதனால் அந்த இரும்பெல்லாம் யுகக்கணக்கில் கிடந்தும் பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. உவரிப் பக்கத்து உப்புக்காற்றில் என் லேத்தை ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் என்ன கதியாகிறது என்று உமக்குத் தெரியும்.

சரி, நம்முடையதற்கு வருகிறேன். 1979 ஜூலை. அமெரிக்காக்காரன் வானத்தில் சுற்றவிட்ட ஸ்கைலாப் ஆய்வு நிலையம் நம் தலையில்தான் விழப்போகிறது என்று ஊரே கோழி அடித்துத் தின்றது. அது போய் ஆஸ்திரேலியாப் பக்கம் விழுந்தது. அந்த வாரத்தில்தான் தேரியில் நீர் இந்தக் கல்லை எடுத்து, துண்டு ஒன்று இங்கே விழுந்திருக்கிறது என்று சத்தியம் செய்தீர். பெரிய சார் காதைத் திருகியதும் விண்கல் என்று மாற்றிக்கொண்டீர். 1984இல் பம்பாய்க்கு ரயில் ஏறும்போது, "பத்திரமா வச்சிரும்வே" என்று என்னிடம் கொடுத்தீர்.

உரசிய இடத்தில் உலோகப் பளபளப்பு இல்லை. கறுப்புக் கண்ணாடி மாதிரி இருக்கிறது, உள்ளே பூராவும் சின்னச் சின்னக் குமிழி. விண்கல்லுக்கு வெளியே கட்டைவிரல் பதித்தது போலக் குழி இருக்கலாம், உள்ளே இப்படிக் குமிழி இருக்காது. இது கிட்டம், செல்லையா. இரும்பு உருக்கும்போது வடிகிற கசடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது எனக்குப் போன வாரம் தெரிந்ததல்ல. பட்டறை வைத்த புதிதிலேயே தெரியும். உரித்த தேங்காய் அளவு இருக்கிறது. இரும்பாக இருந்தால் ஏழு கிலோ வரணும், தராசில் மூன்று கூட வரவில்லை. இரும்போடேயே கிடக்கிறவன் கைக்குக் கனம் தெரியாதா? கல் வகை விண்கல்லும் உண்டே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீர் ஒவ்வொரு கடிதத்திலும் "என் கல் எப்படி இருக்கிறது" என்று கேட்பீர். சுகமாக இருக்கிறது என்று எழுதுவேன். முப்பது வருசம் அப்படியே ஓடிவிட்டது. தை மாதக் கடிதத்தில், பேரன் பள்ளிக்கூடத்தில் காட்டணுமாம், தாத்தாவின் விண்கல்லைப் படம் எடுத்து அனுப்பும் என்று எழுதியிருந்தீர். அதைப் படித்த பிறகுதான் எனக்குப் பேனா ஓடவில்லை. உமக்கு ஒரு பொய் சொல்லலாம். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல மனசு வரவில்லை.

உரசி முடித்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். சொர்ணம் வந்து, "கல்லுக்குத் துட்டி கேக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்கீய" என்றாள்.

பேரனுக்கு ஒன்று சொல்லும். செவ்வாயிலிருந்து நிஜமாகவே ஒரு கல் நம் நாட்டில் விழுந்திருக்கிறது. 1865இல், பீகாரில், ஷெர்காட்டி என்கிற ஊரில். படம் வேண்டுமென்றால் அதைத் தேடி ஒட்டிக்கொள்ளட்டும்.

எனக்கு இப்போது வேறு ஒன்று உறுத்துகிறது. கிட்டம் தானாக நடந்து தேரிக்கு வராது. அங்கே எவனோ உலை வைத்திருக்கிறான், எந்தக் காலமோ. ஆதிச்சநல்லூர்ப் பக்கம் தாழிக்குள்ளே இரும்பு ஆயுதங்கள் கிடைத்ததைப் படித்திருப்பீர். அன்றைக்கு நீர் கல்லை எடுத்தீர், நான் பதனிக்கு ஓடினேன். குனிந்து சுற்றிலும் பார்க்க ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்த இரட்டைப் பனையில் ஒன்று இன்னும் நிற்கிறது. மழை வெறித்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.

ஸ்கைலாப் பட்டறைக் கதவோரம் பழைய இடத்திலேயே இருக்கிறது. ரெண்டு படம் எடுத்து வைத்திருக்கிறேன். உரசின பக்கம் ஒன்று, உரசாத பக்கம் ஒன்று. பேரனுக்கு எதை அனுப்பட்டும்? ஒரு வரி எழுதும்.

உம்ம கூட்டாளி,
லேத்து முத்தையா