தடுப்பூசி நாளில் தலையையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைக்குழந்தைகளின் மூளையில் உண்டாகும் நீர்க்கட்டியை, மண்டையோட்டைப் பெரிதாகத் திறக்காமல் எண்டோஸ்கோப் என்னும் கேமரா பொருத்திய மெல்லிய குழாய் மூலம் சரிசெய்யும் சிகிச்சை பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் படித்தேன். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்தச் சிகிச்சைக்குக் குழந்தை உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டுமானால், புதன்கிழமை தடுப்பூசி போடும் இடத்தில் எடையோடு தலைச் சுற்றளவையும் அளந்து எழுத வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நானே அளக்காமல் விட்ட குழந்தை ஒன்று உண்டு. மூன்றரை மாதத் தடுப்பூசிக்கு வந்த அந்தத் தாய், போன மாதம் ஒடுகத்தூர் சந்தையில் வாங்கிய குல்லாய் இப்போது காதுவரை கூட இறங்கவில்லை என்று கையில் எடுத்துக் காட்டினாள். துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்றேன் நான். உடன் வந்த பாட்டியோ, மாமன் ஜாடை, அவனுக்கும் சின்ன வயதில் இப்படித்தான் பெரிய மண்டை என்று பெருமையாகச் சொன்னார். எடை சரியாக இருந்தது. ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்தபோது குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. உச்சிக்குழி விம்மியிருந்தது, கண்மணிகள் கீழே இறங்கி, மேலே வெள்ளை விழி தெரிந்தது. அன்றுதான் டேப்பைத் தேடி எடுத்தேன். 51 செ.மீ. இருந்தது. அந்த வயதில் 45ஐ ஒட்டி இருக்க வேண்டிய அளவு அது.

வேலூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மூளையின் நடுப்பகுதியில் நீர்க்கட்டி இருப்பது தெரிந்தது. மூளையைச் சுற்றியுள்ள சிலந்திவலை போன்ற மெல்லிய படலத்துக்குள் தெளிந்த நீர் தேங்கி உண்டாகும் கட்டி அது; புற்றுநோய் அல்ல. இப்படிப்பட்ட கட்டிகள் பலவும் ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் தராமல் கிடப்பவை என்றும், அவற்றை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தால் போதும் என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்தக் குழந்தைக்கு அது மூளை நீர் ஓடும் வழியையே அடைத்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இதற்கு மண்டையோட்டைத் திறப்பார்கள், அல்லது தலையிலிருந்து தோலுக்கடியில் வயிறுவரை ஷண்ட் என்னும் குழாயை இறக்குவார்கள். குழாய் அடைத்துக்கொண்டாலோ கிருமி தொற்றினாலோ மறுபடியும் அறுவைதான். அந்தக் குழந்தைக்கு ஒரு சிறு துளை வழியாகச் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, கட்டியின் சுவரில் திறப்பு உண்டாக்கி, தேங்கிய நீரை மூளையின் இயல்பான நீரறைக்குள் கலக்க விட்டார்கள். சில நாட்களில் வீடு திரும்பினார்கள். ஆயினும் மூன்று வயதில்தான் நடந்தாள். பார்வைக் குறை நிலைத்துவிட்டது. கட்டி இறங்கியதே தவிர, அத்தனை மாதம் நசுங்கிக் கிடந்த நரம்பு திரும்பவில்லை. அந்தக் குல்லாயை நான் இன்னும் மறக்கவில்லை.

எண்டோஸ்கோப் முறை எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது. கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து மருத்துவர்கள் வேறு வழியையும் தேர்ந்தெடுப்பார்கள். செய்த திறப்பு மீண்டும் மூடிக்கொள்வதும் உண்டு, அதிலும் பச்சிளம் குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். எனவே சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அளப்பதை நிறுத்தக் கூடாது.

அளவில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு நாள் எடுக்கும் அளவு தனியாக அதிகம் சொல்லாது. சில குடும்பங்களில் தலையே பெரிது, அதற்காக அப்பாவின் தலையையும் அளந்து பார்க்கும் மருத்துவர்கள் உண்டு. வளரும் வேகம்தான் பேசும். பிறக்கையில் சுமார் 34, 35 செ.மீ. இருக்கும் தலை, முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஏறத்தாழ 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அதன்பின் ஓராண்டு நிறையும்வரை அரை செ.மீ. என்று வளரும். இதைத் தாண்டி ஓடினால், உச்சிக்குழி மூடாதிருக்கும் வரை அதன் வழியாகவே அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடலாம். மயக்க மருந்து வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை.

டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949ல் இந்தியாவிலேயே முதல் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். அங்கே சிகிச்சை பெற வங்காளத்திலிருந்து ஒரு நாளுக்கு மேல் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். பஸ் ஏறினால் வந்து சேரக்கூடிய ஜவ்வாது மலையடிவாரக் குழந்தை, யாரும் தலையை அளக்காததால் ஏறக்குறைய ஆறு மாதம் தாமதமாக வந்தது.

ஆகவே ஒவ்வொரு தடுப்பூசியின்போதும் தாய் சேய் நல அட்டையில் எடைக்குப் பக்கத்திலேயே தலைச் சுற்றளவையும் தேதியிட்டு எழுதும்படி சுகாதாரத் துறையினர் அறிவுறுத்த வேண்டுகிறேன். புருவத்துக்குச் சற்று மேலிருந்து பின்னந்தலை மேட்டைச் சுற்றி மூன்று முறை அளந்து, பெரிய அளவை எழுத வேண்டும். டேப்பும் நீளாத ரகமாக இருக்கட்டும். தையற்காரர் துணி டேப் நாளாக ஆக இழுபட்டு, இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்