டிக்கெட்டை மூடும் முன் க்ளாக்கைச் சொல்லுங்கள்

சிப் நிறுவனத்தின் பி.எஸ்.பி. குழுவினருக்கு (சிப்புக்கான கெர்னலும் ட்ரைவர்களும் தருபவர்களுக்கு),

வணக்கம். ஆங்கிலத்தில் டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. உங்கள் குழுவில் நம்மூர்க்காரர்கள் நிறைய உண்டு, பெங்களூரில் இரண்டு ஆபீஸும் ஒரே அவுட்டர் ரிங் ரோட்டில்தான். அதனால் தமிழிலேயே கேட்கிறேன்.

க்ளாக் என்பது சிப்பின் ஒவ்வொரு பகுதியையும் ஓடவைக்கும் துடிப்பு சிக்னல். போன வாரம் நீங்கள் அனுப்பிய லினக்ஸ் கெர்னலின் பூட் வரியிலும் (தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் ஆப்ஷன்கள்) 'க்ளாக் இக்னோர் அன்யூஸ்டு', அதாவது 'யாரும் கேட்காத க்ளாக்கையும் அணைக்காதே' என்பது, அப்படியே இருக்கிறது. அதை எடுத்தால் சீரியல் கன்சோலில் 'டிஸேபிளிங் அன்யூஸ்டு க்ளாக்ஸ்' என்று ஒரு வரி வரும், அதோடு போர்டு ஹேங். பேனிக், ஊப்ஸ் என்று எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. கெர்னலுக்கு முன் ஓடும் பூட்லோடர் போட்டுவிட்டுப் போன க்ளாக்குகளில் எந்த ட்ரைவரும் கேட்காததை கெர்னல் அணைக்கிறது. அது அதன் வேலை. அணைந்தவற்றில் டிஸ்ப்ளேவுக்குப் போகும் பஸ் க்ளாக்கும் ஒன்று. அப்புறம் டிஸ்ப்ளே ரெஜிஸ்டரைத் தொட்டால் பதிலே வராது, சிபியூ அங்கேயே நின்றுவிடும். அந்த ஆப்ஷனை மறுபடி சேர்த்து பூட் செய்து, க்ளாக்குகளின் பட்டியலான க்ளாக் சம்மரியைப் பார்த்தால், அதே க்ளாக்குக்கு எனேபிள் கவுண்ட் (எத்தனை பேர் அதைக் கேட்டார்கள் என்ற எண்ணிக்கை) பூஜ்ஜியம். ஓடுகிறது, ஆனால் கணக்கில் இல்லை. அதைப் போலவே பூஜ்ஜியம் காட்டும் க்ளாக்குகள் பக்கம் பக்கமாக. இதில் எது தேவை, எது வீண்? நாங்கள் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, ஹேங் ஆனால் ரீசெட் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பதில்: "அந்த ஆப்ஷனைச் சேர்க்கவும்." டிக்கெட் 'தீர்ந்தது'. எங்களுடையது பேட்டரியில் ஓடும் கருவி ஐயா. எல்லாவற்றையும் ஓடவிட்டால் மேஜையில் சும்மா கிடக்கும்போதே சார்ஜ் இறங்குகிறது.

சிப்பின் எந்த பிளாக்குக்கு (பகுதிக்கு) எந்த க்ளாக், அதன் பேரண்ட் (அது கிளம்பி வரும் மேல் க்ளாக்) எது என்பதை டிவைஸ் ட்ரீயில், அதாவது ஹார்ட்வேரை கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பில், எழுதித் தாருங்கள். கெர்னலில் க்ளாக்குகளை நிர்வகிக்கும் காமன் க்ளாக் ஃப்ரேம்வொர்க் 2012இல், 3.4 கெர்னலிலேயே வந்துவிட்டது. அணையவே கூடாத க்ளாக் என்றால் 'க்ரிட்டிக்கல்' என்று குறிக்க வழியும் இருக்கிறது.

ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீங்கள் தந்த மேனுவலில் க்ளாக் அத்தியாயம் ஒரே ஒரு படம். அதிலும் பாதி அம்புகள் பக்க ஓரத்தில் காணாமல் போகின்றன. இதில் என்ன ரகசியமோ! புது சிப் அறிமுகத்துக்கு நட்சத்திர ஹோட்டலில் பஃபே வைக்க முடிகிறது, இந்தப் படத்துக்கு இன்னொரு பக்கம் ஒதுக்க முடியவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: க்ளாக் சார்புகளை டிவைஸ் ட்ரீயில் எழுதுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் டிஸ்ப்ளேவுக்கும் யூ.எஸ்.பி.க்குமாவது அடுத்த ரிலீஸில் தாருங்கள். அதுவரை தயவுசெய்து டிக்கெட்டை மூடாதீர்கள்.

இப்படிக்கு,
மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு கெர்னல்காரன்